மண்டபக் கழிவுநீர் நிலையத்தில் அல்ட்ராசோனிக் சென்சார் பொருத்திய திருப்பணி: நிறைவு அறிக்கை

ஊர் வரிதாரர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கோவில் கல்யாண மண்டபத்துக்கும் யாத்ரீகர் விடுதிக்கும் பின்னால் இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார்கள் பொருத்தும் வேலை நிறைவடைந்தது. மாசியில் தொடங்கி, சித்திரை விஷுவுக்கு முன்பே முடித்துவிட்டோம். வேலை நடந்த நாட்களில் ஒரு ஆள்கூடத் தொட்டிக்குள் இறங்கவில்லை. பொதுக்குழுவில் நீங்கள் வைத்த முதல் நிபந்தனை அது என்பதால் அதையே முதலில் சொல்கிறோம்.

இந்த வேலை ஏன் தேவைப்பட்டது என்பது மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். சேகரிப்புத் தொட்டியில் தொங்கிய ஃப்ளோட் சுவிட்சில் (தண்ணீரோடு மிதந்து ஏறிப் பம்பை ஓடவைக்கும் மிதவை) துணியும் தலைமுடியும் இலைத் துண்டுகளும் சுற்றிக்கொள்ளும். தண்ணீர் ஏறினாலும் ஃப்ளோட் ஏறாது, பம்பு ஓடாது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்கு வரும் சமயம் விடுதி நிரம்பி வழியும். தொட்டியும் சேர்ந்து வழியும். வழிந்தது எல்லாம் ஓடை வழியாக வயலில் ஏறும். கும்பப்பூ நெல் வயலில் நிற்பவர்கள் அந்தத் தண்ணீரில்தான் கால் வைக்கவேண்டும். மிச்சம் பழையாற்றில் கலந்து மணக்குடிக் காயலுக்குப் போகும். சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் 2022-இல் கிடைத்தபோது மாவட்டமே பெருமைப்பட்டது. அதே தண்ணீர்ப் படுகையில் நம் மண்டபத்துக் கழிவு கலப்பதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றுதான் இந்தத் தீர்மானம் வந்தது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஃப்ளோட் சிக்கும்போதெல்லாம் நம் ஆபரேட்டர் தம்பி தொட்டி வாயில் குப்புறப் படுத்து, கம்பியை விட்டு அதை எடுத்துக்கொண்டிருந்தார். அல்ட்ராசோனிக் சென்சாருக்கு இந்தப் பாடு கிடையாது. அது தண்ணீரைத் தொடுவதே இல்லை. மேலே இருந்து காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும். சிக்க ஒன்றுமில்லை, அதனால் எடுத்துவிட ஆளும் வேண்டாம்.

ஆனால் அந்தச் சென்சாரைப் பொருத்துவதற்கே ஆளை உள்ளே இறக்கினால் என்ன பிரயோசனம்? விலைப்புள்ளி கேட்டபோது ஒரு ஒப்பந்ததாரர், "பத்து நிமிஷம் ஒரு ஆள உள்ள இறக்கி சுவருல பிராக்கெட் அடிச்சிட்டா முடிஞ்சிது" என்றார். விலையும் அவருடையதுதான் குறைவு. குழு அன்றைக்கே அதை ஒதுக்கியது. கழிவுநீர்த் தொட்டியில் உயிரிழப்பு நேர அந்தப் பத்து நிமிஷம் தாராளம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் துப்புரவுக்கு ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. துப்புரவு வேலை அல்ல, பொருத்தும் வேலைதானே என்று வாதாடலாம். விஷவாயு அந்த வித்தியாசம் பார்க்காது.

இறங்காவிட்டாலும் மூடியைத் திறந்துதானே ஆகவேண்டும். ஆகவே முதல் செலவாக நான்கு வாயுக்களை அளக்கும் கருவியை வாங்கினோம். ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் அது காட்டும். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கும், 19.5-க்குக் கீழே போனால் அது வேலை செய்யும் இடமே இல்லை. மீத்தேன் காற்றில் 5 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால்தானே ஆபத்து என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 100 பிபிஎம் அளவில், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு இருந்தாலே, மூக்கு அந்த வாசனையை உணரும் சக்தியையே இழந்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று ஆள் துணிந்து குனியும் நேரம்தான் மிக மோசமான நேரம்.

இது எங்கள் கண்முன்னே தெரிந்தது. கருவியைக் கயிற்றில் கட்டி முதலில் தொட்டி வாயிலும், பிறகு நடுவிலும், பிறகு நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலும் விட்டோம். ஹைட்ரஜன் சல்பைடு மூன்று இடத்திலும் பூஜ்யம் காட்டியது. நின்றவர்கள் "சரி, ஒண்ணுமில்ல" என்றார்கள். பொறியாளர் நீளக் கழியால் அடிக்கசடை ஒருமுறை கலக்கச் சொன்னார். சில நொடிதான். கருவி கூவத் தொடங்கியது, எண் ஏறிக்கொண்டே போனது. எல்லாரும் நாலடி பின்னால் நகர்ந்தோம். அமைதியாக இருக்கும் தொட்டியின் அளவை நம்பி ஆள் இறங்கினால், அவர் காலே கசடைக் கலக்கிவிடும். சிரமம் பாராமல் நின்று பார்த்த வரிதாரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதன்பின் புளோயர் வைத்து, தொட்டியின் அடிவரை குழாய் விட்டு நல்ல காற்றைச் செலுத்தினோம். ஜெனரேட்டரைக் காற்று இழுக்கும் பக்கத்தில் வைக்கவில்லை, அதன் புகையே உள்ளே போய்விடும் என்பதால். மூடி திறந்த வாயின்மேல் கம்பித் தட்டு போட்டோம். வாய் அருகே வேலை செய்தவர் முழு உடல் பெல்ட் மாட்டி, முக்காலி வின்ச்சில் (ஆளை மேலே இழுக்கும் கயிற்று உருளை) கோத்திருந்தார். ஒருவர் வேறு எந்த வேலையும் இல்லாமல் அவரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சொன்னது இவ்வளவுதான்: ஆள் மயங்கினால் வின்ச்சைச் சுற்று, 108-ஐயும் தீயணைப்பு நிலையத்தையும் கூப்பிடு, எக்காரணம் கொண்டும் பின்னால் குதிக்காதே. இத்தகைய விபத்துகளில் முதலில் விழுந்தவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது திரும்பத் திரும்ப நடக்கிறது. மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாட்களாகப் பார்த்தது தீப்பொறிக்குப் பயந்துதான். வெடியும் பீடியும் இந்த இடத்துக்கு ஆகாது. இனிமேல் நிலையத்தைச் சுற்றி அதிர்வேட்டு வைக்கக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறோம். கோவில் கொடை விழாவுக்கும் அது பொருந்தும்.

சென்சார் பிராக்கெட்டை உள்சுவரில் அடிக்காமல், தொட்டியின் வெளிக் கைப்பிடிச் சுவரில் துளையிட்டு, அங்கிருந்து நீளும் ஒரு கையாகச் செய்தோம். கீல் வைத்த கை. கொக்கியை எடுத்தால் சென்சாரோடு முழுக்கையும் வெளிப்பக்கம் திரும்பி வந்துவிடும். முகத்தைத் துடைக்கவோ மாற்றவோ தரையில் நின்றே முடியும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்; சிலந்தி வலை கட்டினாலும் அளவு கெடும் என்பதால் ஆபரேட்டர் அதையும் பார்த்துக்கொள்வார்.

இடம் தேர்வதில் கொஞ்சம் நேரம் எடுத்தோம். ஒலி விரிந்துகொண்டே போகும், ஆகவே சுவர், ஏணி, தண்ணீர் விழும் குழாய் எதுவும் அதன் வழியில் வரக்கூடாது. சென்சார் முகத்துக்கு மிக அருகில் உள்ளதை அது அளக்காது. நம் சென்சாருக்கு அந்தக் குருட்டுத் தூரம் 25 சென்டிமீட்டர். தொட்டி விளிம்புவரை நிரம்பினாலும் தண்ணீர் அந்த எல்லைக்குள் வராதபடி உயர்த்தினோம். ரசமட்டம் வைத்து முகம் நீர்ப்பரப்புக்கு நேராக இருப்பதைக் கொத்தனார் அண்ணாச்சி சரிபார்த்தார். நட்டைக் கையால் மட்டுமே இறுக்கி, ரப்பர் வாஷர் கொடுத்தோம். ஸ்பானர் போட்டு முறுக்கினால் பம்பின் அதிர்வு சென்சாருக்கு ஏறும்.

நம் தொட்டிக்கென்றே ஒரு தொல்லை இருந்தது. கல்யாண விருந்து முடிந்து உருளியும் வார்ப்பும் கழுவிய சோப்புத் தண்ணீர் மொத்தமாக வந்து விழும்போது மேலே நுரை கட்டும். நுரை ஒலியை விழுங்கிவிடும், எதிரொலி வராது. இதற்காக எட்டு இஞ்ச் பிவிசி குழாய் ஒன்றை, நடுவில் இணைப்பு இல்லாத ஒரே நீளமாக, தரையைத் தொடாமல் மேலிருந்து கயிறு கட்டி இறக்கி, வாயில் கவ்வ வைத்தோம். நீர் கீழ்வழியாகக் குழாய்க்குள் ஏறும், நுரை வெளியே நிற்கும். காற்று போக மேலே ஒரு துளை. குழாய்க்குள் எண்ணெய்ப் பிசுக்கு படியத்தான் செய்யும். அதனால் அதையும் மேலிருந்தே உருவி எடுத்துக் கழுவும்படி அமைத்திருக்கிறோம். சமையல்கட்டில் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் பெட்டியை வாரம் தவறாமல் சுத்தம் செய்தால் இந்த வேலை பாதியாகக் குறையும். மண்டப மேலாளருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டோம்.

அடுத்து ஓட்டம். சுத்தமான தண்ணீர் வெளியேறும் பெட்டியில் 90 பாகை வி வடிவ வெட்டுள்ள எஃகுத் தகட்டை வைத்து, வெட்டின் அடிமுனைக்குமேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று இரண்டாவது சென்சார் அளக்கிறது. உயரம் தெரிந்தால் ஓட்டம் கணக்கில் வந்துவிடும். ஆனால் இந்தக் கணக்கு சின்னப் பிழையைப் பெரிதாக்கும். 7 சென்டிமீட்டர் உயரத்தில் நொடிக்கு சுமார் 1.8 லிட்டர் போகும். 8 சென்டிமீட்டர் என்றால் 2.5 லிட்டர். ஒரு சென்டிமீட்டர் கூடினால் ஓட்டம் 40 சதவீதம் கூடுகிறது.

அந்த ஒரு சென்டிமீட்டரை நம் வெயிலே கொடுத்துவிடும். சென்சாருக்குள் ஒரு வெப்பமானி உண்டு, ஒலியின் வேகத்தை அதை வைத்தே திருத்திக்கொள்ளும். வெயில் நேராகப் பட்டு அதன் உடல் 45 பாகைவரை சூடேறி, கீழே காற்று 30 பாகையிலேயே இருந்தால், 40 சென்டிமீட்டர் தூரத்தை 41 என்று படிக்கும். நீர் 7 சென்டிமீட்டர் நிற்கும்போது 6 என்று காட்டும். ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்து பதிவாகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நாம் எழுதிக் கொடுக்கும் அளவு இதுதான் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. சென்சாரின்மேல் நிழல் கூண்டு போட்டோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் அடிக்கும் அடியில் ஒலியே விலகும். அதனால் கூண்டின் மேற்குப் பக்கத்தையும் அடைத்தோம்.

சென்சார் ஏன் தகட்டுக்கு நேர் மேலே இல்லை என்று சிலர் கேட்டார்கள். வெட்டை நெருங்கும்போது தண்ணீர் சரிந்து இறங்கும். அதிகபட்ச உயரம் 15 சென்டிமீட்டர். அதன் நான்கு மடங்கான 60 சென்டிமீட்டர் பின்னால்தான் உண்மையான உயரம் நிற்கும். சரியாக இருக்கிறதா என்று உங்கள் முன்னாலேயே பார்த்தோம். 2-க்கு 3 மீட்டர் சுத்தநீர்த் தொட்டியில் பம்பை நிறுத்திவிட்டு, 5 சென்டிமீட்டர், அதாவது 300 லிட்டர், ஏற எத்தனை நேரம் என்று கடிகாரம் பிடித்தோம். 7 சென்டிமீட்டர் ஓட்டத்தில் கணக்குப்படி 2 நிமிடம் 48 நொடி வரவேண்டும். ஓரிரு நொடி வித்தியாசத்தில் வந்தது.

மின் வேலையில் அதிகம் சொல்ல இல்லை. பம்பு சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சென்சார் ஒயர் தனிக் குழாயில், பம்பு கேபிளை விட்டு விலகிப் போகிறது. ஐப்பசி, சித்திரை இடிக்குப் பயந்து ஒயரின் இரு முனையிலும், மின்னலால் பாயும் அதிக மின்சாரத்தைத் தடுக்கும் கருவி வைத்தோம். தொட்டிக்குள் தொங்கும் சென்சார், தீப்பொறி எழாத வகையைச் சேர்ந்தது. எதிரொலி கிடைக்காவிட்டாலோ ஒயர் அறுந்தாலோ அலாரம் அடிக்கும். தனியாக ஒரு ஃப்ளோட்டை உச்ச மட்ட எச்சரிக்கைக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

வரவு செலவு கணக்கு தணிக்கையாளர் கையெழுத்துடன் மண்டப அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. மதிப்பீட்டைத் தாண்டிய இரண்டு இனங்களைச் சொல்லிவிடுகிறோம். ஒன்று, பிராக்கெட்டும் போல்ட்டும் துருப்பிடிக்காத 316 ரக எஃகில் செய்தது. உப்புக் காற்றில் துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பி என்ன ஆகும் என்று கடற்கரை வீட்டுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். மற்றது வாயுக் கருவி, முக்காலி, பெல்ட், புளோயர். இவை வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும் வாடகைப் பொருட்கள் அல்ல. ஊர்ச் சொத்தாக நிலையத்திலேயே இருக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டாலும், ஆபரேட்டர் கூடப் போகும் நிபந்தனையில் கொடுப்பதாகக் குழு முடிவெடுத்திருக்கிறது. பாதுகாப்பு சரியில்லை என்று அவருக்குத் தோன்றினால் மூடியைத் திறக்க மறுக்கலாம், தலைவரே சொன்னாலும் சரி. அந்தத் தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது.

இன்னும் பாக்கி ஒன்று. மண்டபக் கூரையின் மழைநீர்க் குழாய் ஒன்று சேகரிப்புத் தொட்டியிலேயே விழுவது இந்தச் சென்சாரின் பதிவைப் பார்த்தபிறகுதான் தெரியவந்தது. கோடை மழை பெய்த அன்று சமையலே இல்லாமல் மட்டம் ஏறியிருந்தது. அதை ஓடைக்குத் திருப்பும் வேலை இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்குமுன் முடியும். ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை வடகிழக்குப் பருவமழை கழியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம். இரண்டு மழையையும் தாங்கி அளவு சரியாக வந்தால் அதன்பின் கூடும் பொதுக்குழுவில் உங்கள் ஒப்புதலோடு அது கொடுக்கப்படும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவுக்காகச் செயலாளர்