அலுமாரியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். தரம் 8 பிள்ளைகள் இந்தத் தவணை நம் ஊரான திருகோணமலையின் வரலாறு படிக்கிறார்கள். கோட்டைக்குப் போய் வந்தாயிற்று, அங்குள்ள மான்களையும் பார்த்தாயிற்று. இனி உங்கள் வீட்டு அலுமாரியைப் பார்க்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். அலுமாரி என்ற பேரே போர்த்துக்கீசர் விட்டுப்போனதுதான். லேஞ்சி, சப்பாத்து, களிசான், பொத்தான் எல்லாம் அவர்கள் மொழியில் இருந்து வந்தவை. 1624 இல் இங்கே கோட்டை கட்டியவர்கள் 1639 இல் ஒல்லாந்தரிடம் அதைப் பறிகொடுத்துவிட்டார்கள், நாமோ இன்னும் பிள்ளைக்குச் சட்டையில் லேஞ்சி குத்தித்தான் நேசரிக்கு அனுப்புகிறோம்.

போன வருடம் ஒரு பையன் பூட்டனின் காக்கிக் களிசானைக் கொண்டு வந்தான். அவர் இங்குள்ள கடற்படை டொக்யார்டில் வேலை செய்தவர். 1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் பூட்டி அதை மடித்து வைத்திருந்தாராம், தொடைப் பக்கம் போகாத கிரீஸ் கறையோடு. 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டதை நான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னபோது பாதி வகுப்பு கொட்டாவி விட்டது, அந்தக் களிசானை மேசையில் விரித்த பிறகு "அப்போ இவர் எங்கே ஒளிந்தார் சேர்?" என்று கேள்விக்கு மேல் கேள்வி.

அப்படி ஒரு பொருள்தான் கேட்கிறேன். பழைய சாரம், தொப்பி, குடை, மூக்குக் கண்ணாடி, எதுவும் சரி. நகை மட்டும் வேண்டாம், தொலைந்தால் என்னால் பதில் சொல்ல முடியாது. பாக்குவெட்டி என்றால் நீங்களே கொண்டு வந்து ஆசிரியர் கையில் கொடுங்கள் (ஏற்கெனவே ஒரு விரலுக்குக் கட்டுப் போட்டாயிற்று).

இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் எல்லாம் போன வீடுகள் நம்மிடையே நிறைய. அந்தப் பிள்ளைகள் வெறுங்கையோடு வரட்டும். விட்டுவிட்டு ஓடிய பொருள் எது, அது வீட்டில் எந்த மூலையில் இருந்தது என்று அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ கேட்டு எழுதி வந்தால் போதும். ஏன் கொண்டு வரவில்லை என்று யாரும் கேட்கக்கூடாது என ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளையின் பேர் எழுதிய பையில் போட்டு அனுப்புங்கள், அன்று மாலையே திரும்பி வரும். அப்புறம் ஒன்று, துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பிவிடாதீர்கள். கறை வேண்டும்.

அன்புடன்,
அதிபர்