கேஸ் குறையவில்லை, சென்சார்தான் பழுது: ஏசி நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஒரு டன் ஸ்பிளிட் ஏசி – பழுதைக் கண்டறியாமல் கேஸ் ஏற்றியது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் அம்மாவுக்கு வயது 84. இடுப்பு எலும்பு முறிந்து ஒன்றரை வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவருக்காகத்தான் இந்த ஏசியை வாங்கினோம். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 40 டிகிரியைத் தாண்டிய நாட்களில், பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை நடுராத்திரி வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும். அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஏசி கைவிட்டது. ஆறிக்கொண்டு வந்த அம்மாவின் முதுகுப் புண் வியர்வையில் ஊறி மறுபடியும் பிளந்துவிட்டது. அந்த ஆத்திரத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

24-ல் வைத்தால் கம்ப்ரசர் ஏழெட்டு நிமிடம் ஓடும், நின்றுவிடும். அதன்பிறகு வெறும் காற்றுதான். சற்று நேரம் கழித்து மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 31-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஆனால் கம்ப்ரசர் ஓடுகிற அந்த ஏழெட்டு நிமிடமும் வருகிற காற்று சில்லென்றுதான் இருந்தது. இதை உங்கள் டெக்னீஷியனிடம் முதலிலேயே சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கேஸ் கம்மியா இருக்கு ஐயா" என்று மாடிக்குப் போனவர், கால் மணி நேரத்தில் கேஸ் ஏற்றிவிட்டு 3,200 ரூபாய்க்கு ரசீது கொடுத்தார்.

கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருளா ஐயா? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிந்திருக்க வேண்டும். கசிந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். அவர் ஒரு நட்டைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை கிராம் கேஸ் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். அதை எடை போட்டு ஏற்ற தராசும் அவர் கொண்டுவரவில்லை.

நான்கு நாளில் பழைய கதை. இந்த முறை வேறு ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை, அம்மாவை விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். அறைச் சூட்டை அளந்து, ஏசியை இயக்கும் சர்க்யூட் போர்டுக்குச் சொல்வது சென்சார்தான். அதனால் "சென்சாரைப் பாருங்க தம்பி" என்றேன். "சென்சார் போனா எரர் கோடு வரும் ஐயா, இதுல எதுவும் வரல. போர்டு மாத்தணும்" என்று 9,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தானே அவர் சொல்கிறார்.

நான் முப்பது வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தவன். பழைய படக்குழாய் டிவிகளில் போசிஸ்டர் என்று ஒன்று இருக்கும். சூடு ஏறினால் அதன் ரெசிஸ்டன்ஸும் (மின்தடை) ஏறும். உங்கள் ஏசியில் இருக்கும் சென்சார் அதற்கு நேர் எதிர். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் இறங்கும். ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் போர்டு எரர் காட்டும். சென்சார் தவறான அளவைக் காட்டினால் போர்டுக்கு அது தெரியாது, அறையின் சூடே அவ்வளவுதான் என்று நம்பிவிடும்.

இந்த மாடலின் ரிமோட்டிலும் ஒரு சென்சார் இருக்கிறது. 'ஐ ஃபீல்' பட்டனை அழுத்தினால் ரிமோட் இருக்கிற இடத்துச் சூட்டைத்தான் போர்டு கணக்கில் எடுக்கும். அழுத்தி, ரிமோட்டை அம்மாவின் தலைமாட்டில் வைத்தேன். கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, ஒன்றேகால் மணி நேரத்தில் அறை 26-க்கு வந்தது. கேஸ் குறைந்த ஏசியோ போர்டு போன ஏசியோ இப்படி ஓடுமா?

மறுநாள் மெயினை அணைத்து இரண்டு மணி நேரம் விட்டேன். கவரைக் கழற்றி, ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் ரூம் சென்சாரையும், செம்புக் குழாயில் செருகியிருக்கும் காயில் சென்சாரையும் போர்டிலிருந்து பிடுங்கினேன். இரண்டும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்ட வேண்டிய ஒரே வகை. அறை 33 டிகிரி. காயில் சென்சார் 7.1 காட்டியது, 33 டிகிரிக்கு அது சரி. ரூம் சென்சார் 9.8! 33 டிகிரி அறையை 25, 26 என்று போர்டிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் கம்ப்ரசர் நிற்காமல் என்ன செய்யும்? சந்தேகம் தீர, டம்ளரில் ஐஸ் தண்ணீர் எடுத்து இரண்டையும் பாலித்தீன் பையில் போட்டு முக்கிப் பார்த்தேன். காயில் சென்சார் 32, ரூம் சென்சார் 44. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ரூம் சென்சாரின் கருப்புத் தலையில் மயிரிழை விரிசல் தெரிந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 180 ரூபாய்க்குப் புது சென்சார் வாங்கி மாட்டினேன். அன்று ராத்திரி அம்மா விடியும்வரை தூங்கினார்.

மல்டிமீட்டரை ஐந்து நிமிடம் பிடித்திருந்தால் முடிந்திருக்கிற வேலை இது. மீட்டர் பிடிக்கத் தெரிந்த நான் தப்பித்தேன். இதே தெருவில் கேஸுக்கும் போர்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு வியர்த்துக்கொண்டு கிடப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

நான் கேட்பது இவை. கேஸுக்கு வாங்கிய 3,200 ரூபாயும், இரண்டு முறை வந்துபோனதற்கு வாங்கிய 1,180 ரூபாயும் திரும்ப வேண்டும். தேவையில்லாமல் ஏற்றிய கேஸை முறைப்படி எடுத்துவிட்டு, தாளில் உள்ள எடைக்குச் சரியாக நிரப்பித் தர வேண்டும். அளவு மீறிய கேஸ் கம்ப்ரசரைத்தான் கொல்லும். கம்ப்ரசர் நின்று நின்று ஓடுகிறது என்று யார் புகார் சொன்னாலும், கேஸ் சிலிண்டரைத் தொடுவதற்கு முன் இரண்டு சென்சாரையும் அளந்து ஜாப் ஷீட்டில் எழுத வேண்டும் என்று உங்கள் ஆட்களுக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள்.

15 நாட்களில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வேலூர் மாவட்ட ஆணையத்தில் மனு போடுவேன்.

ரசீதுகள், எஸ்டிமேட் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். பழைய சென்சாரை அம்மாவின் மாத்திரைக் கவர் ஒன்றில் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள், ஐஸ் தண்ணீரில் போட்டு அவர் கண் எதிரிலேயே அளந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி.