வன்முறையின் விலையை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்: இயக்குநர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பிற நாடுகளுக்குத் தொழிலை விரிவாக்கத் திட்டமிடும் நிறுவனங்களின் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

வெளிநாட்டு முதலீடுகளுக்கான சாத்தியக்கூறு அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகத் தயாரித்து வருகிறேன். நிலத்தின் விலை, கூலி, மின்கட்டணம், வரிச்சலுகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவற்றில் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. வன்முறைக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘நாட்டு இடர்’ என்ற பெயரில், எதிர்பார்க்கும் லாப விகிதத்தோடு இரண்டு மூன்று சதவீதப் புள்ளிகளைக் கூட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரி போதாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டில் வன்முறை உலகப் பொருளாதாரத்தின் மீது ஏற்படுத்திய தாக்கம், நாடுகளின் விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டிய வாங்கும் திறன் அடிப்படையில், ஏறத்தாழ 20 லட்சம் கோடி டாலர் என்று சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட பொருளாதார, அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இது உலகின் மொத்த உற்பத்தியில் 11.6 சதவீதம். இதில் பெரும்பகுதி ராணுவத்துக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் செலவாவது. அதாவது, நீங்கள் நம்பிச் செல்லும் சாலைக்கும் துறைமுகத்துக்கும் தொழிற்பயிற்சிக்கும் போயிருக்கக்கூடிய பணம்.

ஆனால் தொழிற்சாலை வாசலில் இந்தச் செலவு வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. இருட்டியபின் சாலையில் போக அஞ்சும் ஊரில் இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் வரமாட்டார்கள். வருபவர்களும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவார்கள். மூன்று ஷிப்டுக்கென்று வாங்கிய இயந்திரம் ஒரே ஷிப்டில் ஓடும்போது, தேய்மானமும் கடன் வட்டியும் அந்த எட்டு மணி நேர உற்பத்தியின் தலையில் விழுகின்றன. அதைக் காவலாளிகளின் சம்பளப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

நாம் கால் வைக்காத இடத்து வன்முறையும் நம் கணக்கில் ஏறத்தான் செய்கிறது. 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா முழு அளவில் படையெடுத்தபோது, அங்கு தயாரான மின்கம்பித் தொகுப்புகள் வராமல் ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ நிறுவனங்கள் ஜெர்மனியில் தங்கள் ஆலைகள் சிலவற்றை நிறுத்த நேர்ந்தது. காரின் மொத்த விலையில் அது சிறு பங்குதான். ஆனால் அது உள்ளே பதிக்கப்படாமல் காரின் மற்ற வேலைகள் நகராது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின், பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு பத்து நாள், அதற்கும் மேல் கூடுதலாகப் பயணம் செய்தன. செங்கடல், சூயஸ் கால்வாய் வழியிலேயே சென்றவற்றுக்கோ, கப்பல் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த போர்க்காப்பீட்டு பிரீமியம் 0.7 சதவீதத்தையும் தாண்டியது. பத்துக் கோடி டாலர் மதிப்புள்ள கப்பலுக்கு இது ஒரு பயணத்துக்கே ஏழு லட்சம் டாலர்.

காப்பீடு இருக்கிறதே என்று கூட்டங்களில் சொல்வீர்கள். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் அது ஈடு தரலாம். சிதறிப்போன தொழிலாளர்களைத் திரும்பக் கூட்டித் தராது. மொசாம்பிக்கில் 2021 மார்ச்சில் பால்மா நகரம் தாக்கப்பட்டது. அடுத்த மாதமே பிரான்ஸின் எண்ணெய், எரிவாயு நிறுவனமான டோட்டல், அந்நகரின் அருகே நடந்துவந்த தன் 2,000 கோடி டாலர் இயற்கை எரிவாயுத் திட்டத்தை, தன் கட்டுப்பாட்டை மீறிய நிலை என அறிவித்து நிறுத்திவைத்தது. அந்த நிலை நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. வெளியேறவும் மனமின்றி, பாதுகாக்கவும் வழியின்றி, ஆயுதக் குழுக்களுக்குப் பணம் கொடுத்துத் தொழிலை நடத்துவது. பிரான்ஸின் சிமெண்ட் நிறுவனமான லஃபார்ஜ் சிரியாவில் ஏறத்தாழ 68 கோடி டாலர் செலவில் சிமெண்ட் ஆலை கட்டியது. உள்நாட்டுப் போர் மூண்டபின் ஆலையைத் தொடர்ந்து ஓட்டுவதற்காக ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) உள்ளிட்ட குழுக்களுக்குப் பணம் போனது. 2022இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்நிறுவனம் செலுத்த ஒப்பிய தொகை ஏறத்தாழ 78 கோடி டாலர். ஆலையின் விலையைவிட அதிகம். அந்தப் பணத்தில் வாங்கிய தோட்டாக்கள் யார் மீது பாய்ந்தன என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

ஆபத்தான நாடுகளுக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை இல்லாத ஊர்களில்தான் ஆயுதக் குழுக்களுக்கு ஆள் எளிதில் கிடைக்கிறது. முதலீட்டுக்கு ஒப்புதல் தருமுன், நாட்டின் பெயரை வைத்தல்லாமல் அந்த ஊரை வைத்து எழுதிய வன்முறைச் செலவு அறிக்கையைக் கேளுங்கள். எத்தனை ஷிப்டு ஓடும், சரக்கு எந்த வழியில் வரும், அந்த வழி அடைபட்டால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எந்தக் கட்டத்தில் ஆலையை மூடுவோம், அதை யார் முடிவு செய்வார் என்பதை முதல் செங்கல் வைக்குமுன்பே எழுத்தில் பதியுங்கள். சிரியாவின் அந்த லஃபார்ஜ் ஆலையிலிருந்து 2012இல் வெளிநாட்டு ஊழியர்கள் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள். உள்ளூர் ஊழியர்கள் 2014 செப்டம்பரில் ஐ.எஸ். படை நெருங்கும்வரை வேலை செய்துகொண்டிருந்தார்கள். உங்கள் வெளியேற்றத் திட்டத்தில் உள்ளூர்த் தொழிலாளர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் வாகனமும் சம்பளமும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதை அடுத்த கூட்டத்திலேயே கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் பதியுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சாத்தியக்கூறு அறிக்கைகள் எழுதும் ஒருவர்