வாக்குத்தத்த அட்டையோட பின்பக்கம்: எங்க ஊர் போதகர் ஐயாமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஐயாமாருக்கு ஸ்தோத்திரம்.

நான் 14 வருஷமா சண்டே ஸ்கூல் எடுக்கிறவ. போன மாசம் பத்தாவது படிக்கிற ஒரு பையன் எந்திரிச்சு, "டீச்சர், இரட்சிக்கப்பட்டியா இரட்சிக்கப்பட்டியான்னு எல்லாரும் கேக்குறாங்களே, எதுல இருந்து இரட்சிக்கப்படணும்?"னு கேட்டான். ஞானஸ்நானம் எடுத்த பையன் ஐயா. சரி மத்தவங்க சொல்லுங்கன்னேன். கடன்ல இருந்துன்னு ஒருத்தன், வியாதில இருந்துன்னு ஒருத்தி, "நீட்ல இருந்து"ன்னு பின்னாடி பெஞ்ச்ல இருந்து ஒரு குரல், எல்லாரும் சிரிச்சாங்க நானும் சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் உறைச்சுது, பாவம்ங்குற வார்த்தைய ஒரு பிள்ளைகூட சொல்லல.

பிள்ளைங்கள குத்தம் சொல்லி என்ன பண்ண, அவங்க கேக்குறதத்தான சொல்லுவாங்க. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல புது வருஷத்துக்குன்னு ஒரு வேத வசனம் போட்டு நீங்க குடுக்குற வாக்குத்தத்த அட்டைய எடுத்துக்கோங்க. எரேமியா 29:11, நீங்க எதிர்பார்த்திருக்கும் முடிவ குடுப்பேன்னு தேவன் சொல்ற வசனம். எங்க வீட்டு ஃபிரிட்ஜ்லயும் ஒட்டிருக்கு. ஆனா அது நேபுகாத்நேச்சார் ராஜா பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா எழுதுன கடிதம், அதுக்கு முந்தின வசனத்துலயே 70 வருஷம் ஆகும்னு இருக்கு, அங்கயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்த ஊருக்காக ஜெபம் பண்ணுங்கன்னு இருக்கு. அத வாசிக்கக் கேட்ட பெரியவங்கள்ல முக்காவாசிப்பேர் ஊர் திரும்பிருக்கவே மாட்டாங்க. இந்த வருஷம் ப்ரொமோஷன் வரும்னு அதுக்கு எப்படி ஐயா அர்த்தம் ஆச்சு?

சுகத்துக்கு ஜெபிக்கக்கூடாதுன்னு சொல்லல, நானும் ஆஸ்பத்திரி வராண்டால முழங்கால் போட்டவதான். ஆனா அஸ்திவாரம் அது இல்லையே. டேவிட் பெபிங்டன்னு ஒரு பிரிட்டிஷ் வரலாற்று ஆசிரியர் 1989ல, சுவிசேஷ கிறிஸ்தவங்கள அடையாளம் காட்டுறது நாலு விஷயம்னு எழுதுனார்: வேதாகமம், சிலுவை, மனமாற்றம், அப்புறம் அந்த விசுவாசத்த செயல்ல காட்டுறது. நாலுலயும் காரோ ப்ரொமோஷனோ இல்ல.

மெதடிஸ்ட் சபைக்கு வழி போட்ட ஜான் வெஸ்லிய பாருங்க. ஏற்கனவே குருப்பட்டம் வாங்குனவர், அமெரிக்கால ஜார்ஜியா வரைக்கும் ஊழியத்துக்குப் போயி மனசு ஒடிஞ்சு திரும்புனவர், 1738 மே 24 சாயங்காலம் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு கூட்டத்துக்கு இஷ்டமே இல்லாம போறார், அங்க ரோமர் நிருபத்துக்கு சபை சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் எழுதுன முன்னுரைய யாரோ வாசிச்சுட்டு இருக்காங்க, அப்பதான் கிறிஸ்து என் பாவத்தயும் எடுத்துட்டாருன்னு ஒரு நிச்சயம் வந்துச்சு, இருதயம் அனலாச்சுன்னு எழுதி வெச்சார். அன்னைக்கு அவருக்கு கடனும் தீரல விசாவும் கிடைக்கல.

எபேசியர் 2:8ல இரட்சிப்பு தேவனுடைய ஈவுன்னு போட்டுருக்கு. ஈவுன்னா சும்மா குடுக்குறது. அந்த வசனத்த வாசிச்ச அதே பிரசங்கத்துல, குடுத்தா பல மடங்கா திரும்பி வரும்னு சொல்லிக் கேக்குற விதை காணிக்கைக்கு க்யூஆர் கோடு ஸ்க்ரீன்ல வருது பாருங்க, அப்ப பிள்ளைங்க என்னய திரும்பிப் பாக்குறாங்க ஐயா, நான் பாட்டுப் புஸ்தகத்த பொரட்டுற மாதிரி நடிக்கிறேன்.

1706ல தரங்கம்பாடில வந்து இறங்குன ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், விசுவாசத்தோட அடிப்படைய கேள்வி பதிலா சொல்லிக்குடுக்குற லூத்தரோட சின்ன ஞானோபதேசத்த தமிழ்ல குடுத்தார். அதுல பத்து கட்டளையோ விசுவாசப் பிரமாணமோ ஒவ்வொண்ணு சொன்னதும் அடுத்து ஒரு கேள்வி வரும், இதுக்கு என்ன அர்த்தம்னு. பள்ளிக்கூடமே போகாத எங்க பாட்டி அம்மி அரைச்சுக்கிட்டே ஞானோபதேசத்துக் கேள்வி பதில ஒப்பிப்பா. எதுல இருந்து இரட்சிப்புன்னு அவகிட்ட கேட்டிருந்தா டக்குனு சொல்லிருப்பா.

மாசத்துல ஒரு ஞாயிறு பிரசங்க நேரத்துல இருந்து 15 நிமிஷம் குடுங்க, பாவம், சிலுவை, கிருபை, மறுபிறப்பு, ஒண்ணொண்ணா பெரியவங்களுக்கும் சேத்தே சொல்லிக்குடுங்க. வர்ற வருஷ அட்டைல முன்பக்கம் உங்க இஷ்டம், பின்பக்கம் காலியாதான கிடக்கு, அதுல எரேமியா 29ல 70 வருஷம்னு சொல்ற 10ஆம் வசனத்தயும் போடுங்க. பிரின்டிங் செலவ நான் குடுத்துர்றேன்.

இப்படிக்கு,
உங்க சபைகள் ஒண்ணுல சாக்பீஸ் பிடிக்கிறவ