மைக் வாங்கும் முன்

மக்ளே,

துப்புத் துலங்காத அந்தப் பழைய கொலை வழக்கை பாட்காஸ்டாகச் செய்யப் போவதாக எழுதியிருந்தாய். முதலில் காகிதத்தைச் சேர். வழக்கு பதிவான போலீஸ் ஸ்டேஷன் நாகர்கோவில், இரணியல், குழித்துறை, பத்மநாபபுரம் போன்றவற்றில் எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சேரும் என்று பார்த்து நகல் மனு போடு. குடும்பத்தார் பெயரில் வக்கீல் மூலம் போட்டால் லேசு. எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), பிரேத விசாரணை அறிக்கை, போலீஸ் கடைசியாகக் கொடுத்த அறிக்கை, நான்கும் வேண்டும்.

எஃப்.ஐ.ஆரில் மூன்று நேரம் பார்: சம்பவ நேரம், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம், அது கைக்கு வந்ததும் மாஜிஸ்திரேட் கையெழுத்தோடு குறித்த நேரம். கடைசி இரண்டுக்கும் நடுவே ஒரு ராத்திரி முழுக்க ஓடியிருந்தால், உன் முதல் கேள்வி அங்கேதான் இருக்கு.

களியக்காவிளை தாண்டினால் கேரளா, வேற மாநிலம். காணாமல் போனவர் வழக்கென்றால் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் அடையாளம் தெரியாத சடலம் எதுவும் பதிவாச்சா என்று கேள்.

சாட்சியிடம் ரொம்பக் கவனம். "வெள்ளைக் காரைப் பாத்தீங்களா?" என்று கேட்டால் அன்றைக்கே அவர் மனசில் வெள்ளைக் கார் வந்துவிடும். "அன்னைக்குச் சாயந்தரம் என்ன பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. தேதி கேட்காதே, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு முந்தியா, கும்பப்பூ நெல் அறுப்புக்குப் பிந்தியா என்று கேள், சரியாகச் சொல்வார்கள். பேசி முடிக்கும் வரை உன் எபிசோடு எதையும் அவர்களுக்குப் போட்டுக் காட்டாதே.

சிட்னியில் 1982-இல் காணாமல் போன லினெட் டாசன் வழக்கை 2018-இல் 'தி டீச்சர்ஸ் பெட்' பாட்காஸ்ட் ஊரறியச் செய்தது. கணவர் கைதான பிறகு, விசாரணை கெடக்கூடாதென்று 2019-இல் ஆஸ்திரேலியாவில் அந்தப் பாட்காஸ்டை யாரும் கேட்க முடியாதபடி நீக்க வேண்டியதாயிற்று. ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டும் விசாரித்து 2022-இல் அவரைக் குற்றவாளி என்றார். சாட்சிகள் பார்த்ததைச் சொன்னார்களா, பாட்காஸ்டில் கேட்டதைச் சொன்னார்களா என்ற வாதம் கோர்ட்டிலும் வந்தது. அந்தச் சங்கடம் நம்ம வழக்கில் இறந்தவர் குடும்பத்துக்கு வரக்கூடாது.

ரெக்கார்டிங்கை வெட்டாமல் அப்படியே இரண்டு இடத்தில் வை. அன்றைக்கே ஹாஷ் எண்ணை (ஃபைலில் சின்ன மாற்றம் செய்தாலும் மாறிவிடும் கைரேகை மாதிரி எண்) குறித்துக்கொள். புதிய சாட்சிய சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அதைக் கேட்பார்கள். பாலியல் குற்றம் கலந்த வழக்கென்றால், இறந்தவளின் பெயரைக் குடும்பம் சம்மதித்தாலும் சொல்லாதே.

புதுத் துப்பு கிடைத்தால் எபிசோடில் விடாதே, எஸ்.பி. ஆபீசில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கு. கொலைக்குக் காலக்கெடு கிடையாது, வழக்கைத் திரும்ப எடுக்கலாம். ஒவ்வொரு எபிசோடும் வெளியாகும் முந்தின நாள் இறந்தவரின் அம்மாவுக்குப் போன் போட்டு, அதில் என்ன வருது என்று சொல்லிவிடு.

அப்பா
தக்கலை