தாளை அனுப்பு தம்பி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். மழை ஓர் உழவுக்குப் பெய்தது. நாலு ஆடு குட்டி போட்டிருக்கு. போனில் கேட்டால் "சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய ராத்திரி எடுப்பதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வயிற்றுக் கட்டிக்கு மாத்திரை போட்ட முதல் சுற்றில், ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்ணான எஸ்ஜிபிடி 126. மாத்திரையை நிறுத்தியதும் 61, அப்புறம் 38. மூன்று பரிசோதனைத் தாளையும் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். 40-க்குள் வந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரி டாக்டர் அடுத்த சுற்றைத் தொடங்கச் சொன்னார். 28 நாள் அல்பெண்டசோல் என்கிற புழு மாத்திரை, 14 நாள் ஓய்வு, இரண்டு வாரத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. இந்தச் சுற்றில் மூணு வாரம் ஆச்சு, தாள் வரவில்லை. வெள்ளை அணுவும் குறையலாமாம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே போ. கண் மஞ்சளிக்கிறதா என்று காலையில் கண்ணாடியில் பார். வெறும் வயிற்றில் போடாதே, முட்டையோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டோடு போட்டால்தான் மருந்து சேரும். அம்மா கீழாநெல்லி அரைத்து அனுப்பப் பார்த்தாள், டாக்டரைக் கேட்காமல் வேண்டாமென்று நிறுத்திவிட்டேன். ரத்தப் பரிசோதனையை மட்டும் விடாதே.

அக்கா கல்யாணக் கடனை அடைத்தவன் நீ. ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறேன். அப்படிப்பட்டவன் இதில் மட்டும் ஏன் இப்படி? உன் ஈரல் மாத்திரையைத் தாங்கவே பாடுபடுகிறது. அதன் தலையில் வேறெதையும் ஏற்றாதே. எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

ஒன்று சொல்லணும். ஆடும் நாயும் உண்டா என்று டாக்டர் கேட்டபோது உண்டு என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. கருப்பசாமி கோயில் வெட்டுக்கு ஈரலை அறுக்கையில் நெல்லிக்காய் பருமனில் நீர்க்குமிழி இருக்குமே, அதைக் கத்தி முனையால் கிள்ளி நம்ம நாய் மணிக்குத்தான் எறிவேன். அது எம்பிக் கவ்வும், நீ கை தட்டுவாய். அந்தக் கையோடு அதைக் கட்டிக்கொண்டு படுப்பாய். நாய்க்குப் போடாதே, அதன் வயிற்றில் புழுவாகி முட்டை பிள்ளைகளுக்கு வரும், குழி தோண்டிப் புதை என்று மாட்டாஸ்பத்திரியில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு வந்தேன். குழி வெட்டச் சோம்பல் பட்டேன். அது உன் வயிற்றில் இத்தனை வருஷம் கட்டியாக வளர்ந்திருக்கிறது. ஸ்கேனில் அந்தக் கறுப்பு வட்டத்தைக் காட்டியபோது எனக்கு அந்தக் குமிழிதான் தெரிந்தது.

இப்போது குழி வெட்டுகிறேன். புது நாய்க்குப் புழு மாத்திரையும் தவறாமல் கொடுக்கிறேன்.

கட்டி சுருங்கினாலும் சில வருஷம் ஸ்கேன் பார்க்கணுமாம். அது பிறகு. இந்த வாரம் ரத்தம் கொடு. தாளைப் போட்டோ எடுத்து அக்கா போனுக்கு அனுப்பு. எண் ஏறியிருந்தாலும் அனுப்பு. நான் ஒன்றும் கேட்கமாட்டேன், அடுத்த பஸ்ஸில் திருப்பூர் வந்து உன்னை டாக்டரிடம் கூட்டிப்போவேன்.

அப்பா