பிஸ்கட் டின்னுக்கும் நூலகக் கவுண்டருக்கும் ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். போன வாரம்தான் அரசியல் அறிவியல் முதுகலை ஆய்வேட்டைப் பல்கலையில் ஒப்படைத்தேன். வேலை, பிள்ளைகள், சனிக்கிழமை கோயில் கூடத்தில் தமிழ் வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் நடுவில் நான்கு வருடம் இழுத்துவிட்டது. ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டு, ஆனால் அது ஆங்கிலத்தில், வழிகாட்டி, துறைத்தலைவர், கணவர் என்று வரிசையாகப் போய் முடிந்துவிடுகிற பக்கம். என்னை உண்மையில் கரையேற்றியவர்களில் பாதிப் பேர் அதில் இல்லை. பெயரைப் போடாதே என்று அவர்களே சொன்னதால் இங்கேயும் பெயர் இல்லாமல்தான் எழுதுகிறேன். படித்தால் அவரவருக்குத் தெரியும்.

நான் எடுத்துக்கொண்டது 1984 ஆகஸ்டு 28 தேர்தல். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: 1983-ல் நிறவெறி அரசு புதிய அரசியலமைப்பு கொண்டுவந்து, வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று மூன்று அவை வைத்தது. நாட்டின் பெரும்பான்மையான ஆப்பிரிக்க மக்களுக்கு அதில் ஓர் இடம்கூடக் கிடையாது. இந்தியருக்கான அவையில் 45 இடங்கள். நேட்டால் இந்தியக் காங்கிரசும், 1983-ல் தொடங்கிய ஐக்கிய ஜனநாயக முன்னணியும் புறக்கணிக்கச் சொன்னார்கள்; வாக்குப்பதிவு 20 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. பெரிய தலைவர்கள் பேசியது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது வேறு: டர்பனில் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களின் வாசலுக்கு அந்தப் புறக்கணிப்புச் செய்தி எப்படி வந்தது, யார் வந்து கதவைத் தட்டினார்கள், கோயில் சங்கங்கள் என்ன செய்தன.

முதல் மூன்று மாதம் சுத்தமாக வீண். ஒரு நூலகத்தில் (எது என்று சொல்லப் போவதில்லை) தேடல் பெட்டியில் ‘தமிழ்’, ‘தேர்தல்’ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தால் தமிழ்நாட்டுத் தேர்தல் பற்றிய புத்தகங்கள் வந்து விழும், திருநெல்வேலியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று இருக்கும். கவுண்டரில் கேட்டால், “அப்படி ஒன்றும் இல்லை” என்று ஒரே பதில். நானும் இல்லை என்றே நம்பிவிட்டேன். தலைப்பையே மாற்றிவிடலாம் என்று வழிகாட்டிக்கு மின்னஞ்சல்கூட எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

அப்புறம்தான் இன்னொரு நூலகத்தின் கவுண்டரில் சிசி கிடைத்தார். ஜூலு அம்மா, என்னைவிடக் கொஞ்சம் பெரியவர், அதனால் சிசி (ஜூலுவில் அக்கா) என்றுதான் கூப்பிடுவேன். ஒரு மாதத்தில் அவரும் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார், வயதுக் கணக்கு இடித்தாலும் நான் திருத்தவில்லை. என் கதையைக் கேட்டுவிட்டு, புத்தகம் எடுக்கும் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஆறு அலமாரி எண் எழுதிக் கொடுத்தார்: 320, 324, 328, 342, 305.8, 968. நீங்கள் தேடுவது ஒரே அலமாரியில் இருக்காது என்றார். அரசியல் பொதுவாக 320, தேர்தலும் கட்சிகளும் 324, நாடாளுமன்றம் 328, அரசியலமைப்புச் சட்டம் 342, இனக்குழுக்கள் பற்றியது 305.8, தென்னாப்பிரிக்க வரலாறு 968. ஒரே தேர்தல், ஆறு இடத்தில் சிதறிக் கிடக்கிறது! 324-ஐ மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியிருந்தேன், அவ்வளவுதான் விஷயம். அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

சொற்களையும் அவர்தான் மாற்றச் சொன்னார். உங்கள் ஆட்களை நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பது பட்டியல் போட்டவனுக்குத் தெரியாது, அவன் என்ன எழுதினானோ அதைத் தேடுங்கள் என்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அரசுக் கோப்புகளில் நாம் ‘ஏஷியாட்டிக்’. பெயர்களும் அப்படித்தான்: முனுசாமி இங்கே மூன்சாமி, நாயுடுவுக்குக் கடைசியில் இரட்டை ஓ, கவுண்டர் கவெண்டர் ஆகிவிட்டார். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் ஒரே ஆளை நான்கு எழுத்துக்கூட்டலில் தேடினால்தான் நான்கு கோப்பும் கிடைக்கும். இதைப் படிக்கிற ஆய்வு மாணவர்கள் யாராவது இருந்தால் முதல் நாளே ஒரு நோட்டில் எழுத்துக்கூட்டல் பட்டியல் போட்டுவிடுங்கள். நான் எட்டாவது மாதம்தான் போட்டேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நூலகத்தில் மைக்ரோஃபிலிம் அறையைத் திறந்துவைத்திருந்த அண்ணனுக்கும் நன்றி. அந்த ஊர் நகராட்சி நூலகம், நாட்டில் அச்சாகிற நூலின் பிரதி சட்டப்படி போய்ச் சேர வேண்டிய இடங்களில் ஒன்று. டர்பனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான், ஆனால் நேட்டாலில் இருக்கிற எத்தனை பேருக்கு அது தெரியும்? கேப்டவுனுக்கு டிக்கெட் போடலாமா என்று ராண்டை எண்ணிக்கொண்டிருந்த எனக்குத் தெரியாது. நான் போன அன்று லோட் ஷெடிங். ஃபிலிமை மாட்டி இரண்டு பக்கம் நகர்த்தியதும் கரண்ட் போய்விட்டது, இரண்டரை மணி நேரம். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை, கட்டிய பழைய செய்தித்தாள் தொகுதிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் இருக்கிறவரை இதைப் பாருங்கள் என்றார். என் மூன்றாம் அத்தியாயத்தில் பாதி அந்த ஜன்னலோரத்து வேலை.

வெஸ்ட்வில்லில் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் உதவியவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. பழைய போராட்டக்காரர்களின் நேர்காணல்களை அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். தேர்தல் முடிந்த மறுமாதம் கைதுக்குத் தப்ப ஆறு பேர் டர்பன் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்களே, அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்களின் குரல். வாக்கு சதவீதம் ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கிறதே என்று புலம்பியபோது, “கீழே இருக்கிற எண் எது என்று பாருங்கள்” என்று ஒருவர் சொன்னார். பதிவு செய்த வாக்காளரில் 20 சதவீதமா, வாக்குரிமை உள்ள எல்லாரிலுமா? பதிவு செய்யவே மறுத்தவர்களும் புறக்கணித்தவர்கள்தானே! என் ஆய்வின் மையமே அதற்குப் பிறகு மாறிவிட்டது. வழிகாட்டி அதைத் தன் யோசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும்.

கடைசியாக சாட்ஸ்வொர்த் தாத்தாவும் ஆயாவும். என் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற ஒரு பையனின் கொள்ளுத்தாத்தா. தமிழ் எழுதப் படிக்க வராது, ஆனால் பேசினால் என் பாட்டி பேசின சொற்கள் வரும். “நீ என்னா தேடறே, பிள்ளே?” என்று கேட்டவர், கட்டிலுக்கு அடியிலிருந்து பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒன்றை இழுத்தார். உள்ளே நாற்பதுக்கும் மேல் துண்டறிக்கைகள், ரப்பர் பேண்டு காகிதத்தோடு ஒட்டிப்போய். ஒன்றில் கோயில் கூடத்தில் கூட்டம், ஞாயிறு 19 ஆகஸ்டு, மதியம் 2 மணி என்று இருந்தது. வருடம் இல்லை. தாத்தா 1981 என்று அடித்துச் சொன்னார். அந்த வருடம் நவம்பரில் இந்தியர் கவுன்சில் தேர்தல் நடந்தது, அதையும் புறக்கணித்தார்கள், அதனால் நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். சிசியிடம் காட்டினேன். அவர் துண்டறிக்கையைப் படிக்கவே இல்லை, கிழமையைத்தான் பார்த்தார். 1981-ல் ஆகஸ்டு 19 புதன்கிழமை. 1984-லோ ஞாயிறு, தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்னால். தாத்தாவிடம் போய்ச் சொன்னபோது ஆயா சமையலறையிலிருந்தே, “நான் அப்பவே சொன்னேன், அப்ப சின்னவன் ஸ்கூல் போயிட்டான்னு” என்றார். ஆயாவை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நேர்காணல் பட்டியலில் ஆயா பெயரை அன்றைக்கே சேர்த்தேன், தாத்தாவைவிட நீளமாகப் பேசினார்.

2021 ஏப்ரலில் கேப்டவுன் பல்கலையின் ஜாகர் நூலகம் தீப்பிடித்த படங்களைப் பார்த்ததிலிருந்து, கட்டிலுக்கு அடியில் இருக்கிற ஒரே பிரதி என்றாலே எனக்குப் பயம். அதனால் தாத்தாவின் அனுமதியோடு எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், யார் கொடுத்தது என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். ரப்பர் பேண்டை எடுத்துவிட்டு அமிலமில்லாத உறையில் போடச் சொல்லி, உறையையும் சிசியே கொடுத்தார். மூலத்தை ஆவண மையத்துக்குக் கொடுப்பதா, வீட்டிலேயே வைப்பதா என்று குடும்பத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது. அது அவர்கள் முடிவு.

ஆயா, டின் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். காகிதம் எல்லாம் தனிப் பெட்டியில் வரும், டின்னை வெறுமனே திருப்பிக் கொடுப்பேன் என்று நினைக்காதீர்கள், முறுக்கு மாவு அரைத்தாகிவிட்டது.